மூன்று தடவை எழுதிய வரி

உன் அம்மா இன்று காலை உன் ஸ்பானிஷ் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "செவப்பு மையெல்லாம் ஒன் கையெழுத்துதானே தாயி? கடைசியா எம்மக என்ன எழுதுனான்னு படிச்சுச் சொல்லு" என்றார். நோட்டைத் திறந்ததிலிருந்து உன்மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

திருமயத்திலிருந்து ஒரே பஸ். நீ புதுக்கோட்டை ஜவுளிக்கடைக்கு, நான் ஆபீசுக்கு. ஸ்பானிஷ் படித்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆன்லைன் வகுப்பில் என்னையும் இழுத்துவிட்டவள் நீ. முந்தின நாள் நடந்ததை அந்த மொழியில் பத்து வரி எழுதி, பஸ்ஸில் நோட்டை மாற்றித் திருத்துவோம். தப்பான வரியை மூன்று தடவை எழுத வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்ட மகராசி நான்தான்.

அதில் இறந்தகாலம் இரண்டு. நடந்து முடிந்ததற்கு ஒன்று, தொடர்ந்துகொண்டே இருந்ததற்கு இன்னொன்று. உனக்கு அது ஏறவே ஏறாது. "முடிஞ்சா முடிஞ்சதுதானடி, அதுல என்னடி ரெண்டு வகை?" என்று கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்படி கத்துவாய். பஸ், மழை, மேனேஜர் திட்டியது எல்லாவற்றையும் முடித்தே எழுதுவாய்.

அந்த ஒரு நாள் மட்டும் மாற்றி எழுதியிருந்தாய். "நேற்று நெஞ்சு வலித்துக்கொண்டே இருந்தது." நான் சரக்கென்று அடித்தேன். நேற்று என்று வந்தாலே முடிந்த காலம்தான் என்று எங்கோ மனப்பாடம் செய்திருந்தேன், அதையே ஓரத்திலும் எழுதினேன். வலியை என் மரமண்டை பார்க்கவே இல்லை. "சரிங்க டீச்சர்" என்று சிரித்தாய். மறுநாள் அதை மட்டும் மூன்று தடவை எழுதிக் கொண்டுவந்தாய், அதற்குப் பிறகு நோட்டில் எதுவுமே எழுதவில்லை. நாலாம் நாள் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாய், எழவே இல்லை.

ஏன்டி, தோளோடு தோள் இடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன்? தமிழில் ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன கேடு? வீட்டில் யாருக்கும் புரியாது, யாரும் பதற மாட்டார்கள் என்றுதானே அதில் எழுதினாய்? புரிந்த ஒருத்தியிடம் கொடுத்தாயே, அவள் லட்சணத்தைப் பார்த்தாயா?

உன் அம்மாவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நெஞ்சு வலின்னு எழுதியிருக்காம்மா."

சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார். "அப்ப நீ அன்னைக்கே படிச்சியா?"

"படிச்சேம்மா. தப்புன்னு அடிச்சேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று நோட்டை விட்டுவிட்டுப் போனார்.

இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ சரியாக எழுதிய வரி அடித்துக் கிடக்கிறது. அதற்குக் கீழே, வலி வந்தது, முடிந்தது என்று உன் கையெழுத்தில் மூன்று தடவை. அதற்கும் கீழே என் டிக்.