வகுபடாத மாப்பிள்ளை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் சுகம், உன் அப்பாவும் சுகம்தான், வாய் மட்டும் இரண்டு நாளாகக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் தங்கை தனக்குப் பிடித்த பையனை, அதுதான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறானே அவனை, போன வாரம் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வேலை முடிந்து நேராக வந்ததால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர், எந்த எண்ணைக் கண்டாலும் எதனால் வகுபடும் என்று உடைத்துப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நம் வீட்டு மீட்டர் எண் 510510, இரண்டு, மூன்று, ஐந்து என்று பதினேழு வரை எல்லாப் பகா எண்ணாலும் வகுபடுமாம், அதனால்தான் விருந்தாளிகள் ஓயாமல் வருகிறார்கள் என்பார், சமைத்துக் கொட்டுகிறவள் நானல்லவா! பையன் அட்டையில் 1000003. அவன் பாவம் வணக்கம் சொல்கிறான், இவர் அவன் நெஞ்சையே முறைக்கிறார், சட்டையில் பொத்தான் போய்விட்டதோ என்று அவன் தடவிப் பார்க்கிறான். அவன் போனதும் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்து மூன்றால், ஏழால், பதினொன்றால் என்று ஆயிரம் வரை வகுத்தார். அதற்கு மேல் தேவையில்லையாம், உடைகிற எண்ணாக இருந்தால் அதற்குள் ஒன்று சிக்கியே தீருமாம். ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றையும் தன்னையும் விட்டால் எதற்கும் மசியாத எண், இவன் யாரோடும் ஒட்டமாட்டான், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

உன் தங்கை அழுதாள், கத்தினாள், கடைசியில் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது அவருடைய அடையாள அட்டை கையில் வந்தது. ஊரார் எண்ணையெல்லாம் உடைத்த மனுஷன் இதை உடைத்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. 104729. இந்தாங்க, இதை வகுங்க என்று நீட்டினேன். இது ஏழுலயே உடைஞ்சிடும்டி, என் குணம் அப்படி என்று மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார். ஏழில் உடையவில்லை, பதின்மூன்றிலும் இல்லை. நூறு தாண்டியதும் பேச்சு நின்றது, இருநூறு தாண்டியதும் வியர்த்தது, முந்நூற்றுப் பதினேழில், இந்த எண்ணுக்கு அதற்கு மேல் தேவையில்லையாம், கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டார். கதவிடுக்கில் நின்றிருந்த உன் தங்கை போனில் தேடிப் பார்த்து, அப்பா, இது பத்தாயிரமாவது பகா எண்ணாம்ப்பா என்றாள். நான் சும்மா இருப்பேனா, இந்த வகுபடாத ஆளோடதான் முப்பது வருஷமா குப்பை கொட்டுறேன், என் பொண்ணுக்கு மட்டும் முடியாதா என்று கேட்டேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா என்று மெதுவாகக் கேட்டார். இல்லாம பின்ன, ஆனா விட்டுட்டுப் போகணும்னு ஒருநாளும் தோணலையே என்றேன். எழுந்து போய்ப் பையனுக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை நம்ம வீட்லதான் சாப்பாடு என்றார்.

நோய்நொடி அண்டாமல் நீ நிறைவாக வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு இப்போதே லீவு சொல்லி வை, அந்தச் சாக்கு இந்தச் சாக்கு சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இப்படிக்கு,
உன் அம்மா