நான் கீழ போறேன், நீ குதி

அக்கா,

இன்று காலை சமையலறை மேல்தட்டிலிருந்து உங்கள் கிண்ணத்தை எடுத்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாய்ப் பெயர் வெட்டிய அந்த எவர்சில்வர் கிண்ணம். அதில் இருப்பது உங்கள் பெயர்கூட இல்லை. உங்கள் கல்யாணத்துக்கு அதைக் கொடுத்த யாரோ ஒருவருடைய பெயர். எட்டு மாதமாக என்னிடம்தான் இருந்தது. வெறும் கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாது, கேசரி செய்து வைத்துத் தரலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நீங்கள் ஓசூருக்கு மகள் வீட்டுக்குப் போனீர்கள். போன இடத்தில் நெஞ்சுவலி வந்தது, திரும்பி வரவில்லை. வீட்டைக் காலி செய்ய உங்கள் மகள் வந்தபோது இந்தக் கிண்ணத்தைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை.

முதல் தடவை இதில் கொள்ளுக் கடையல் கொண்டு வந்தீர்கள். நாங்கள் உங்கள் வீட்டுக்கு மேலே, இரண்டாவது மாடிக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். கதவைக் கால்வாசிதான் திறந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தீர்கள், கையைப் பார்த்தீர்கள், என் தோளுக்கு மேலே எட்டி வீட்டுக்குள் பார்த்தீர்கள்.

“சும்மாதான் கண்ணு. புள்ள பெத்த ஒடம்பு, கொள்ளு நல்லதுன்னு கொண்டாந்தேன்.”

கதவைச் சாத்தியதும் அதை அப்படியே தொட்டியில் கொட்டினேன். எம்.எஸ்சி. படித்தவள்தான், ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி, கைக்குழந்தை இருக்கும் வீட்டை அப்படித் துழாவிப் பார்த்தால் படிப்பெல்லாம் எங்கோ போய்விடுகிறது. என்ன வேவு பார்க்க வந்தாள் இவள் என்றுதான் நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். பாப்பா வயிற்றில் இருக்கும்போது எனக்குச் சர்க்கரை வந்தது. பிறந்ததும் போய்விட்டது. எடையைக் குறைக்காவிட்டால் திரும்ப வரும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். சர்க்கரையில் என் அம்மாவின் கால்விரல் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். தெருவில் நடக்கலாம் என்றால், “கொழந்தைய யாருகிட்ட வுட்டுட்டு வந்த?” என்று நான்கு பேராவது நிறுத்துவார்கள். என் வீட்டுக்காரருக்கு ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் தருமபுரியில் இறக்கிவிடும். அவர் வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டால் எனக்கு இருபது நிமிடம் கிடைக்கும். போனில் வீடியோவைப் பார்த்துக் குதிப்பேன், ஹாலில், உங்கள் தலைக்கு நேர் மேலே.

சத்தம் வரக்கூடாது என்று எத்தனை பாடுபட்டேன்! ஜன்னலைச் சாத்தினேன். பாப்பாவின் ரப்பர் ஷீட்டைத் தரையில் விரித்தேன். குதிகால் படாமல் நுனிக்காலில் இறங்கினேன். மூச்சு வாங்குவது வெளியே கேட்டுவிடுமோ என்று துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டேன். அதுவும் போதாதென்று டிவியைச் சத்தமாக வைத்தேன்.

ஒரு நாள் ஓனர் போன் செய்தார். “என்னம்மா, ஒங்க வூட்ல காலைல சத்தம் வருதாமே? கீழ் வூட்டம்மா கேட்டாங்க. நமக்குப் பிரச்சனை வேணாம், பாத்துக்குங்க.” கைக்குழந்தையோடு வேறு வீடு தேடி அலைவதை நினைத்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கிண்ணம் கிண்ணமாகக் கொண்டு வந்து நீட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் ஓனரிடம் வத்தி வைக்கிறீர்களே என்று வயிறு எரிந்தது. என் வீட்டுக்காரரும் சொன்னார்: “கீழ் வூட்டம்மா என்னய ஒரு மாதிரி பாக்குறாங்க. வணக்கம் வெச்சாகூட மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. நான் என்ன பண்ணேன்?” நானும் படியில் உங்கள் கதவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன். உள்ளேயிருந்து நீங்கள் காது கொடுத்துக்கொண்டு நிற்பதாகவே தோன்றும். பிறகுதான் தெரிந்தது, நிஜமாகவே நின்றிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த அவரைக்கொட்டைக் குழம்பு நாள். கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டினேன். நைட்டியின் கை மேலே ஏறியது. முந்தின நாள் கையை வீசும்போது பீரோ கைப்பிடியில் இடித்து முழங்கைக்கு மேல் நீலம் கட்டியிருந்தது. நீங்கள் கிண்ணத்தை விடவில்லை. இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“நெசத்தச் சொல்லு. அடிக்கிறானா?”

“யாருக்கா?”

“ஒன் புருசன். வண்டி எறங்கி வரான், கதவு சாத்துது, ஜன்னல் சாத்துது, டிவி அலறுது. அப்பறம் தொப்பு தொப்புன்னு வுழுது. ஒரு நாளு முனகுறது கேட்டுச்சு. வாயில துணிய அடைச்ச மாதிரி.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஐயோ அக்கா, அது எக்ஸர்சைஸ்! இது பீரோல இடிச்சிக்கிட்டது!”

நீங்கள் சிரிக்கவில்லை. “பீரோல இடிச்சிக்கிட்டேன்னுதான் சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன். பன்னெண்டு வருசம் சொன்னேன். ஒருத்தி வந்து கையத் தூக்கிப் பாக்கல.”

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் தெரிந்தது, ஓனரிடம் நீங்கள் கேட்டது சத்தத்தைப் பற்றி இல்லை, “அந்தப் பையன் குடிப்பானா?” என்றுதான். அவர்தான் அதைச் சத்தம் என்று மாற்றி என் தலையில் போட்டார்.

இவ்வளவு சொல்லியும் நீங்கள் நம்பவில்லை. கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினீர்கள். “நான் கீழ போறேன், நீ குதி. அதே சத்தமான்னு பாக்குறேன்.”

நான் குதித்தேன். உள்ளே என் வீட்டுக்காரர் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, “என்னடி நடக்குது?” என்று முழித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. “இன்னும் கொஞ்சம் பலமா. டிவிய அமத்திட்டு.” மறுபடியும் குதித்தேன். பிறகு, “ம். அதே சத்தந்தான்” என்றீர்கள். குரலில் நிம்மதி இருந்தது; சந்தேகமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மறுநாள் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தீர்கள். “இதப் போட்டுக் குதி. கூரை இடிஞ்சி என் தலைல வுழுந்துறப் போவுது, குண்டம்மா.” போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினீர்கள். “என்னைக்காவது நெசமாவே ஏதாச்சும்னா, மெத்தைய வுட்டு எறங்கி மூணு தடவ மிதி. நான் மேல வந்துருவேன்.”

“எதுக்குக்கா? அவரு அப்படி இல்ல” என்றேன்.

“இல்லாட்டி நல்லது. மிதிக்காத.”

ஒரு தடவைகூட மிதிக்க வேண்டி வரவில்லை. ஆனாலும் கடைசி வரை நீங்கள் அவர் வணக்கத்துக்குத் திருப்பி வணக்கம் வைத்ததாக எனக்கு நினைவில்லை. அவரை நம்பினீர்களா என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது பாப்பா தூங்கிவிட்டாள், அவரும் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கிறது. மூன்றாவது மாடிக்கு ஒரு மாதம் முன்னால் புதிதாய் ஒரு ஜோடி வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம், மொரப்பூர்ப் பக்கம். பத்து நாளாகச் சாயங்காலம் பைக் வந்து நிற்கிறது. டிவி சத்தம் கூடுகிறது. பிறகு மேலே ஏதோ விழுகிறது. நான் இதற்கெல்லாம் பயந்து சாகிற பிறவி, உங்களுக்குத் தெரியும். எல்லாரையும் சந்தேகப்படுகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவளும் என்னைப் போலத்தான் குதிக்கிறாளோ என்னவோ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை பைக் இல்லாத நேரமாய்ப் பார்த்து, உங்கள் கிண்ணத்தில் கேசரியோடு மேலே போனேன். கதவு கால்வாசி திறந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அக்கா. கழுத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். இந்த வெயிலிலும் முழுக்கைச் சுடிதார்.

“சத்தம் கேக்குதாக்கா? சாரிக்கா. எக்ஸர்சைஸ் பண்றேன். ஓனர்கிட்ட சொல்லிறாதீங்க.”

என் வாயில் உங்கள் குரல்தான் வந்தது. “நான் கீழ போறேன், நீ குதி. எவ்ளோ சத்தம் வருதுன்னு பாத்துச் சொல்றேன்.”

கீழே வந்து ஹால் நடுவில் நின்று மேலே பார்த்தேன். தொப், தொப், தொப் என்று ஒரே அளவாய், ஒரே இடத்தில், இடைவெளி பிசகாமல் குதித்தாள். நான் இரண்டு வருடம் குதித்த அதே சத்தம். பத்து நாளாய் நான் கேட்பது அது இல்லை. நான் கேட்பதில் முதலில் நாற்காலி இழுபடும், பிறகு ஒரே ஒரு தடவை ஏதோ விழும், பிறகு ஒன்றும் இருக்காது.

திரும்ப மேலே போனேன். மூச்சு வாங்க நின்றுகொண்டு, “அதே சத்தந்தானேக்கா?” என்று கேட்டாள். “மூணு தடவ மிதி. எந்நேரமானாலும் மேல வந்துருவேன்” என்று மட்டும் சொன்னேன்.

எதுக்கு என்று அவள் கேட்கவில்லை.

கிண்ணம் இப்போது மேல் வீட்டில் இருக்கிறது, அக்கா. வேண்டுமென்றேதான் விட்டு வந்தேன். நாளைக்கு அதைக் கேட்டுப் போகவேண்டும். வெறும் கிண்ணமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். கதவு எவ்வளவு திறக்கிறது என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அதுவரை என் வீட்டில் டிவியைப் போடுவதாக இல்லை.