இந்த முறை சத்தி இல்லை

14 ஒக்டோபர், திங்கள்

இன்றைக்கும் சத்தி வரவில்லை, குமட்டல்கூட இல்லை. எழுந்தேன். ஆதிரைக்குப் பாண் வெட்டி பட்டர் பூசிக் கொடுத்து, கிண்டர்கார்டனில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஐந்தாம் மாதம் நடக்கிறது. கீழ் வீட்டில் வெங்காயம் பொரித்தார்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஆதிரை வயிற்றில் இருந்தபோது இந்த வெங்காய மணத்துக்கே நான் குளியலறைத் தரையில் குடியிருந்தேன். இந்த எசன் நகரத்தில் எந்த டிராம் நிறுத்தத்தில் குப்பைத்தொட்டி இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். சத்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே வயிற்றோடு கதைப்பேன். "இப்பவே அம்மாவை இந்தப் பாடு படுத்துறீங்களோ?" என்று கேட்பேன். விளம்பரத்தில் நாய்க்குட்டி வந்தாலும் அழுவேன்.

இந்த முறை சத்தியும் இல்லை, அழுகையும் இல்லை, ஆசையும் இல்லை. கதையும் இல்லை. வயிறு மட்டும் தன்பாட்டில் வளர்கிறது.

டோர்ட்மண்டில் இருந்து மாமி போன் எடுத்தா. "சத்தி இல்லாட்டி பெடியன்தான், பிள்ளை. நீ குடுத்து வைச்சனி."

ஓம் மாமி என்றேன்.

3 நவம்பர், ஞாயிறு

பெடியன்தான். வியாழக்கிழமை ஸ்கேனில் சொன்னார்கள். என் கணவர் ஐங்கரன் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். டிராம் ஓட்டும் சீருடையோடு நின்று மூக்கை உறிஞ்சும் மனிசனைப் பார்த்து டொக்டருக்கே சிரிப்பு வந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும்போது "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்போம். சிலர் "ரெண்டும் ஒண்டுதான்" என்பார்கள். நானும் அப்படித்தான் கிடந்தேன்.

நச்சுக்கொடி முன்பக்கம் இருக்கிறதாம். அதனால் பிள்ளை உதைப்பது அவ்வளவு தெரியாதாம். அதைக் கேட்டதும் ஆறுதலாக இருந்தது. ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்ததே.

21 நவம்பர், வியாழன்

மருத்துவிச்சியிடம் டெர்மின், இன்றைக்கு வரச் சொல்லியிருந்தா. ஃப்ராவ் கொவால்ஸ்கிதான், ஆதிரைக்கும் அவதான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டா. அல்லெஸ் கூட் என்றேன். நித்திரை? அல்லெஸ் கூட். மனம்? அல்லெஸ் கூட்.

எல்லாம் நல்லம், எல்லாம் நல்லம். சின்ன வயதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போய் மொழிபெயர்த்த ஆள் நான். அப்பா ஒரு பெரிய கதை சொல்லுவார். நான் அதைச் சுருக்கி, எல்லாம் நல்லம் என்பேன். அப்படிச் சொன்னால் மேலே கேள்வி வராது, கெதியாய் வீட்டுக்கு விடுவார்கள். ஏழெட்டு வயதில் பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை.

"முதல் முறை நிறையக் கதைத்தாய்," என்றா.

ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரித்தானே என்றேன். அவவும் தலையாட்டினா. எல்லாருக்கும் பிடித்த பதில் அது.

8 டிசம்பர், ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

9 ஜனவரி, வியாழன்

உள்ளங்கையும் உள்ளங்காலும் கடிக்கின்றன. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, சும்மா சொறியச் சொல்லும் கடி. ஆதிரையின் தலைவாரும் பிரஷால் காலைத் தேய்த்தேன். அது என்னவென்று பார்த்த ஆதிரை தனக்கும் தேய்க்கச் சொன்னாள்.

மாமி நேற்றே வந்துவிட்டா. பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழியும் வரைக்கும் இருப்பாவாம். "இது சூடு, பிள்ளை. பெடியன் எல்லே, சூடு கூட. ஐங்கரன் வயித்திலை இருக்கேக்கை எனக்கும் கால் எரிஞ்சது."

"ஆதிரைக்கு இப்பிடி இல்லை, மாமி."

"ஒண்டைப் போல ஒண்டு இருக்குமே? நான் நாலு பெத்தனான். நாலும் நாலு மாதிரி."

சரி என்று விட்டேன். வாதாடுவதற்கும் ஒரு தென்பு வேண்டும்.

19 ஜனவரி, ஞாயிறு

மாமி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கைக்கும் காலுக்கும் பூசிவிடுகிறா. தமிழ்க்கடையில் வேப்பிலை வரும் நாளைக் கேட்டு வைத்து ஐங்கரனை விரட்டுகிறா. பூசும்போது குளிர்ச்சியாக இருக்கிறது. காய்ந்ததும் பழையபடி கடி. தோல் உரியச் சொறிந்துவிட்டேன்.

நாளை மறுநாள் டெர்மின்.

21 ஜனவரி, செவ்வாய்

காலையில் எழும்பினதும் முதல் வேலை கழுவினதுதான். சவர்க்காரம், எலுமிச்சை, பிறகும் சவர்க்காரம். நகக்கண்ணில் இருந்த மஞ்சளைப் பல்லுக்குச்சியால் எடுத்தேன். தடித்த காலுறை போட்டேன்.

ஏன் கழுவினேன்? பள்ளிக்கூடத்துக்குத் திருநீற்றை அழித்துவிட்டுப் போன அதே ஏன்தான். தலையில் எண்ணெய் மணக்காமல், உடுப்பில் கறி மணக்காமல், வெள்ளைக்காரருக்கு முன்னால் துடைத்து வைத்த கோப்பை மாதிரிப் போய் நிற்க வேண்டும். இந்த மஞ்சள் என்ன என்று கேட்டால் யார் விளங்கப்படுத்துவது?

ஃப்ராவ் கொவால்ஸ்கி வயிற்றை அளந்தா. பிள்ளையின் இதயம் டக் டக் என்று கேட்டது. வேறு ஏதும்? அல்லெஸ் கூட்.

4 பெப்ரவரி, செவ்வாய்

இன்றைக்கும் டெர்மின். கழுவ ஏலவில்லை.

துணிவு வந்து கழுவாமல் விட்டேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. தண்ணீர்க்குழாய்க்கு முன்னால் நின்றேன். கையைத் தூக்க மனம் வரவில்லை. என்ன நினைத்தால் நினைக்கட்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. மஞ்சள் கையோடு டிராமில் ஏறிப் போனேன்.

அவ கையைப் பிடித்தா. திருப்பிப் பார்த்தா. "இது என்ன?"

அல்லெஸ் கூட் என்று தொடங்கினேன். அவ கையை விடவில்லை. மஞ்சள் என்றேன். கடிக்கிறது என்றேன். எங்கே, எப்போதிருந்து, தடிப்பு உண்டா, சிறுநீர் கடும் நிறமா? ஒவ்வொன்றாகக் கேட்டா. காலுறையைக் கழற்றச் சொன்னா. என் காலைப் பார்த்ததும் அவவின் முகம் மாறியது. அங்கேயே இரத்தம் எடுத்தா. "இதை ஏன் முதலே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை.

5 பெப்ரவரி, புதன்

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஈரலில் இருந்து பித்தம் சரியாக இறங்காமல் இரத்தத்தில் ஏறியிருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சிலருக்கு வருமாம். எனக்குக் கடியோடு போகும். பிள்ளைக்கு அப்படி இல்லை. எனக்கு ஏறியிருக்கும் அளவுக்கு, அவன் உள்ளேயே திடீரென்று இறந்துபோகக்கூடுமாம். டொக்டர் மெதுவாகத்தான் சொன்னா.

கேட்டேன். விளங்கியது. நெஞ்சில் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் என்ன தாய்?

மாமி வந்து கட்டில் விளிம்பில் இருந்தா. "சூடெண்டெல்லோ நினைச்சன், பிள்ளை," என்றா. பிறகு என் காலில் மிச்சமிருந்த மஞ்சளை ஈரத்துணியால் துடைத்தா.

10 பெப்ரவரி, திங்கள்

ஐங்கரனிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு இந்தப் பிள்ளையில ஒண்டும் வருகுதில்லை. சந்தோசமும் இல்லை, பயமும் இல்லை. கல்லு மாதிரிக் கிடக்கிறன்."

அவர் கதிரையை இழுத்துக் கிட்ட வந்து இருந்தார். "நான் நினைச்சன், இந்த முறை நீர் தைரியமா இருக்கிறீர் எண்டு."

"நான் எங்கே தைரியமா இருந்தன்?"

"ஓம். நான்தான் விசரன். கேட்டிருக்க வேணும்." என் காலுக்குக் களிம்பு பூசிவிட்டுப் போனார்.

18 பெப்ரவரி, செவ்வாய்

மருந்து, வயிற்றைச் சுற்றிப் பட்டி கட்டிப் பிள்ளையின் இதயச்சத்தம், பிறகு இரத்தப் பரிசோதனை. மறுநாளும் அதுதான். அடுத்த கிழமை நோவு வரப் பண்ணி எடுக்கப் போகிறார்களாம்.

26 பெப்ரவரி, புதன்

திங்கட்கிழமை பிறந்தான். உயிரோடு. ஆள் சின்னன், நல்ல குரல். மிதுஷன் என்று ஐங்கரன் பெயர் சொன்னார். ஆதிரை பிறந்தபோது நான் போட்ட சத்தத்தில் தாதிமார் ஓடி வந்தார்கள். இவனை என் நெஞ்சில் போட்டதும் "நல்லம்" என்றேன். நோவெடுக்கத் தொடங்கியது முதல் நான் சொன்ன சொல்லே அதுதானாம்.

கடி நின்றுவிட்டது. மற்றது நிற்கவில்லை.

6 மார்ச், வியாழன்

ஃப்ராவ் கொவால்ஸ்கி வீட்டுக்கு வந்தா. பிள்ளையைத் தூக்குகிறேன், பால் கொடுக்கிறேன், ஆனால் யாரோ ஒருவரின் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். ஜெர்மன் மொழியில் சொல்ல அது லேசாக இருந்தது. இப்படிப்பட்ட தாய்மாரைப் பார்க்கும் டொக்டரிடம் அவவே போன் எடுத்து டெர்மின் வாங்கித் தந்தா. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இந்த மனச்சோர்வு தொடங்குவது உண்டாம். காரணம் ஒன்றும் இருக்கத் தேவையில்லையாம்.

12 மார்ச், புதன்

போனேன். உள்ளதைச் சொன்னேன். மருந்து தந்தார்கள். உடனே பிடிக்காதாம். இனி ஒவ்வொரு கிழமையும் போக வேண்டும்.

15 மார்ச், சனி

பின்னேரம் மிதுஷன் நிறுத்தாமல் அழுதான். மாமி அவனைத் தோளில் போட்டு நடந்துகொண்டே போனில் யாருடனோ கதைத்தா. அடுப்பில், பிள்ளை பெற்றவளுக்கென்று வைக்கும் சரக்குக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் சோபாவில் கிடந்தேன்.

"மூத்தவள் தங்கம். இப்பிடி ஒரு நாள் அழேல்லை. இவன் எல்லே, வயித்துக்கையும் தாயைப் படுத்தி, வெளியிலை வந்தும் படுத்துறான்."

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. "அவனைச் சொல்லாதேங்கோ மாமி! அவன் என்ன செய்தவன்? அவன் சாகக் கிடந்தவன். அவன் அவளில்லை. என்னட்டைத் தாங்கோ என்ரை பிள்ளையை!"

ஆதிரை படம் கீறிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே போட்டாள். மாமி போனை வைத்துவிட்டு அவனை என் கையில் தந்தா. எனக்கு உடம்பெல்லாம் கோபம். இத்தனை மாதத்தில் எனக்குக் கோபம்கூட வந்ததில்லை. அவனை நெஞ்சோடு பிடித்ததும் அழுகை வந்தது. சத்தமாகத்தான் அழுதேன். அவன் அழுகிறானா, நான் அழுகிறேனா என்று தெரியாத அளவுக்கு இரண்டு பேரும் அழுதோம்.

மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தன் சீலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தா. துடைக்கட்டும் என்று விட்டேன். "தா பிள்ளை, நீ கொஞ்சம் படு," என்று அவனுக்குக் கையை நீட்டினா.

நான் கொடுக்கவில்லை.