பழைய மண்டபமும் வெட்டுக்கிளி மழையும்

கம்பாலா,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் லுபேகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை நமுத்தெபியும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறோம், நார்வே குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு வயிறு வாடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், பழைய மண்டபத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அப்பாடா, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் சோறு தொண்டையில் இறங்கியது.

பல்கலைக்கழகத்தின் அந்தப் பழைய மண்டபத்தை எந்திரப் பொறியியல் ஆய்வுக்கூடமாக மாற்றும் வேலையை என் தலையில் கட்டினார்கள் இல்லையா, வளைவுச் சுவரில் கை வைக்கக் கூடாது, ஆனால் உள்ளே ரோபோவும் வெல்டிங்கும் ஓட வேண்டும். ஆய்வுக்குழு பார்த்துச் சரி என்றால்தான் புதுப் படிப்பே தொடங்கும். என் பேச்சைக் கேட்டு வேறு ஊரில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு உன் தங்கை இதற்காகக் காத்திருந்தாள். அனுமதி இல்லையென்றால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு, நான் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன் சொல்.

குழு வருவதற்கு முந்தின நாள், விளக்குகளையெல்லாம் விடிய விடிய எரியவிட்டுச் சோதிக்கச் சொன்னதும் நான்தான், மீந்த கூரைத் தகரங்களை வாசலில் சாய்த்து வைக்கச் சொன்னதும் நான்தான். மழை மாதம், வெட்டுக்கிளி வரும் காலம் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை பார். பளிச்சென்று விளக்கும் தகரமும் வைத்துத்தானே ஊரே அதைப் பிடித்து வறுத்துத் தின்கிறது! மின்பணியாளர் ஒகெல்லோ வடக்கத்திக்காரர், அவருக்கு இந்தக் கூத்து தெரியாது, இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு என்ன கேடு? காலையில் கதவைத் திறந்தால் தரையே தெரியவில்லை, மேசை, எந்திரம் எல்லாம் பச்சைப் பசேலென்று வெட்டுக்கிளி. அப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன். அந்த மனிதர், அழாதே, வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அக்கம்பக்கத்துப் பெண்களைச் சாக்கோடு அனுப்பி வைத்ததும் அவர்தான். வழித்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

புகை உறிஞ்சும் குழாய்க்குள் புகுந்ததை எடுப்பதற்குள் குழு வந்துவிட்டது. தலைவர் முகலூலா வெட்டுக்கிளி குலத்துக்காரர், அந்தக் குலத்தார் அதை வாயில் வைக்க மாட்டார்கள். ஜன்னலில் ஒட்டியிருந்த இரண்டைப் பார்த்துவிட்டு, "என் சொந்தக்காரங்க எனக்கு முன்னாடியே வந்து பாத்துட்டாங்க போல" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வெல்டிங் செய்து காட்டச் சொன்னார். குழாய்க்குள் இருந்த விசிறி முக்கியது, சுற்றவில்லை, புகை கட்டிக்கொண்டது. கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ஒகெல்லோ கயிற்றை இழுத்துக் கூரையடியில் இருந்த பழைய காற்றுத் திறப்புகளை எல்லாம் திறந்துவிட்டார். அவற்றை அடைக்கச் சொல்லி எத்தனை பேர் என்னோடு மல்லுக்கட்டினார்கள், நான் விட்டேனா! ஏரிக்காற்று வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகை மேலே ஏறிப் போய்விட்டது. கரண்டு போனாலும் இங்கே பாடம் நடக்கும் என்று முகலூலா மற்றவர்களிடம் சொன்னார். குழாயைச் சுத்தம் செய்து வலை அடிக்கச் சொன்னார், வேறு குறை சொல்லவில்லை, அங்கேயே சரி என்றுவிட்டார்.

வீட்டுக்கு ஓடி வந்து உன் தங்கையிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக, "கெடைக்கலன்னாலும் உன்ன ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டேம்மா. முகத்துல காட்டாம இருக்கணும்னு காலைலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டிருந்தேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்த ஊர் இருட்டில் தனியாக அலையாதே, ஞாயிறு கோயிலுக்குப் போ, தங்கைக்கு மறக்காமல் போன் போடு. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஃபுளோரன்ஸ்