பிரேக்கில் ஏர் எடுக்க இரண்டு பேர்

ருட்கோபிங்,
ஏப்ரல் 19

அன்புள்ள பிரெபென்,

நான் நலம். ஃபேரோ தீவுக் காற்றில் நீயும் நலமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். வேறு வழி எனக்கு நீ வைக்கவில்லை. போனை எடுப்பதில்லை. நவம்பரில் போனவனிடமிருந்து வந்தது ஒரு தபாலட்டை. வண்டியை விற்றுவிடு, எனக்காகக் காத்திருக்காதே என்று இரண்டு வரி. முதல் வரியைச் செய்யப் போய்த்தான் இப்போது உனக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

ஓடென்ஸவிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். எழுபத்து நான்காம் வருட மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு பளபளப்பா என்று பச்சைப் பெயின்ட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு முன் பிரேக்கை அழுத்தினார். லீவர் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. "ரொட்டி மாவைப் பிசையற மாதிரி இருக்கும்மா, இதை நம்பி யாரு ஏறுவா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழுது பார்த்து விற்கலாம் என்று உன் மோட்டார் சைக்கிள் கிளப் அக்ஸெலைக் கூப்பிட்டேன். வழக்கம்போல் முதலில் காபி, பிறகுதான் ஸ்பானர். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றினார். நன்றாகச் சுற்றியது. நாம் விழுந்த விபத்துக்கு மறுநாள் போலீஸ் பார்த்தபோதும் இப்படித்தான் சுற்றியது. அதனால்தான் நீ சொன்னதை எல்லோரும் நம்பினோம். 'வளைவில் பயந்து, என் கைதான் பிரேக்கை இறுக்கிவிட்டது' என்று நீ சொன்னதை.

அன்றைக்கு வண்டி எப்படி ஓடியது என்று அக்ஸெல் கேட்டார். எனக்கு அந்த கேக் விஷயம்தான் ஞாபகம் வந்தது. பாகென்கோப்பில் கிளப் கூட்டம் முடிந்து திரும்பும்போது பெட்ரோல் போட நிறுத்தினாயே. "வண்டி இழுக்கவே மாட்டேங்குது மெரெத்தெ, அந்த மூணாவது கேக்கை நீ தின்னுருக்கக் கூடாது" என்றாய். உன் முதுகில் ஒன்று வைத்தேன். அடுத்த வளைவில் விழுந்தோம்.

இதைச் சொன்னதும் அக்ஸெல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். தன் வீட்டிலிருந்து பெயின்ட் உரிக்கும் சூடான காற்று ஊதியைக் கொண்டுவந்து, முன்சக்கரத்துப் பிரேக்கைச் சூடேற்றினார். லீவரை யாரும் தொடவில்லை. சக்கரம் மெல்ல மெல்ல இறுகி நின்றுவிட்டது. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. அடியிலுள்ள சின்னத் திருகைத் தளர்த்தினார். உள்ளே இருந்த பிரேக் எண்ணெய், ஷெட் சுவர் வரை பீய்ச்சி அடித்தது. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

கைப்பிடிப் பக்கத்து சிலிண்டரைத் திறந்தோம். சூட்டில் விரிகிற எண்ணெய் மேலே திரும்ப அதில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருக்கிறதே, அது கூழ் போன்ற ஒன்றால் அடைத்துக் கிடந்தது. ஓட ஓடச் சூடேறி பிரேக் தானாகவே பிடித்திருக்கிறது; அன்றைக்கு வண்டி இழுக்காததும் அதனால்தான். ஆறியதும் தானாகவே விட்டிருக்கிறது. பிரெபென், உன் கை எதுவும் செய்யவில்லை. இந்த வரியை இன்னொரு தடவை படி.

மீதியை எழுத வேண்டாம் என்று அக்ஸெல் சொன்னார். "அந்த ஊதா ஆயில் சமாச்சாரத்தை விட்டுரு. அவன் ஏற்கெனவே நொந்துபோயிருக்கான், இது வேறயா" என்றார். பாதி உண்மையை நம்பி நீ வீடு திரும்பினால், மீதி தெரிகிற நாளில் மறுபடி கிளம்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பழைய வகை பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட் உரியும் என்று, பெயின்ட்டைக் கெடுக்காத ஊதா ஆயிலை ஊற்றினாய் அல்லவா? பழையதை முழுக்கக் கழுவி எடுக்காமல் ஊற்றியிருக்கிறாய். இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கூழ். ஜூன் கூட்டத்தில் பெயின்ட்டுக்குப் பரிசு வாங்கினாய். கிளப்பில் பாதிப் பேர் இதையேதான் செய்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து ஆளாளுக்கு பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்க ஷெட் பக்கமே போகவில்லை. விழுந்ததில் அடிபட்ட இந்த முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். மாடிப்படியில் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. ஆனாலும் கால் போனதற்கு உன்னோடு சண்டை போட எனக்குத் தோன்றவில்லை. நீ போனதற்குத்தான் தோன்றுகிறது. நான் நொண்டுவதைப் பார்க்க உன்னால் முடியவில்லை என்று போய்விட்டாய். பார்க்க ஆளில்லாமல் நொண்டுவது எப்படி இருக்கும் என்று யோசித்தாயா?

மற்றபடி, புயலில் கூரைத் தகரக் குழாய் விழுந்துவிட்டது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். உன் கம்பளிச் சட்டையை ஏன் எடுத்துப் போகவில்லை என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தோடு அனுப்ப மனமில்லை. இங்கேயே இருக்கட்டும்.

வண்டியை விற்கவில்லை. எல்லாவற்றையும் கழுவி, ரப்பர், ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றி, பழைய வகை ஆயிலையே ஊற்றிவிட்டோம். பெயின்ட் உரிந்தால் உரியட்டும். ஹோஸில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுப்பது மட்டும்தான் பாக்கி. ஒரே ஆளாக எடுக்க ஒரு பம்பு இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று அக்ஸெல் கேட்டார். வேண்டாம் என்றேன். "உன் புருஷன் வர்றதுக்குள்ள வண்டி துருப்பிடிச்சுரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எப்போதும் நீ மேலே உட்கார்ந்து, நான் 'விடு' என்று சொல்லும்வரை லீவரை அழுத்திப் பிடிப்பாய். நான் கீழே ஆயிலைப் பிடிக்க ஜாம் பாட்டிலோடு குந்தி, திருகைத் திறந்து மூடுவேன். இனி என்னால் குந்த முடியாது. அதனால் இந்த முறை நீ கீழே உட்கார வேண்டும். வண்டிமேல் நான் ஏறிக்கொள்கிறேன், லீவர் என் கையில் இருக்கட்டும். நீ கீழேயிருந்து 'விடு' என்று சொல்லும்வரை விடமாட்டேன்.

உன்,
மெரெத்தெ