உங்கள் பங்கை யார் மன்னிப்பது, நைனா?

என் உயிரோடு கலந்த நைனாவுக்கு,

எஸ்தர் எழுதுகிறேன். கல்லறைத் தோட்டத்துக்கே வந்து சொல்லலாம் என்று போன வாரம் புறப்பட்டேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். உங்கள் முன்னால் நின்று பேசத் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். யாருக்காவது பதில் தெரிந்தால் எனக்குச் சொல்லட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. எல்லைச் சண்டை ஓய்ந்துவிட்டது. திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. நம் புத்தூரும் நகரியும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. திருப்பதியிலிருந்து திருத்தணிக்கு நீங்கள் ஓட்டிய பஸ், இப்போது ஒரு ராஜ்யத்தில் புறப்பட்டு இன்னொரு ராஜ்யத்தில் போய் நிற்கிறது. புதிய டிரைவர் நம் தெருமுனையைத் தாண்டும்போது உங்களைப் போல ஹாரன் அடிப்பதில்லை. அம்மாவின் காதில் விழக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

இவ்வளவுதானா நைனா? இதற்காகவா?

அன்றைக்கு நடந்ததை உங்கள் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். சென்னையோடு சேர்க்கச் சொல்லி நகரிப் பக்கம் கலவரம், கல் வீசுகிறார்கள் என்று புத்தூரிலேயே சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸை இங்கேயே நிறுத்திவிடலாம் என்றாராம் அவர். நீங்கள் திரும்பி உள்ளே பார்த்தீர்களாம். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு ஊர் திரும்பும் குடும்பங்கள். கைக்குழந்தைகள். நிறைமாதமாக ஒருத்தி.

"இவங்கள இங்க எறக்கி வுட்டா எங்கப்பா போவாங்க? மெதுவா போய்க்கினே இருப்போம், ஏறு" என்றீர்களாம்.

நகரிக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கல் வந்தது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு உங்கள் நெற்றியில் விழுந்தது. அந்த நிலையிலும் பஸ்ஸை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்மேல் சாய்ந்தீர்கள். உள்ளே இருந்த யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டீர்களே. என் தவிப்பெல்லாம் அதுதான். "கல்லெறிஞ்சவன விட்டுடுங்க" என்று சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன். "விடாதீங்க" என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். இரண்டில் ஒன்று சொல்லியிருக்கலாமே?

வழக்கு சித்தூர்க் கோர்ட்டில் நடந்தது. பிடிபட்டவர்கள் பத்துப் பதினைந்து பேர். எல்லாரும் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள்தான். உங்கள்மேல் விழுந்தது யாருடைய கல் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அப்போது ஏகாம்பரம் என்ற நகரி நெசவுக்காரன், இருபது வயதுக்காரன், தானாகவே, "அது என் கல்லுதாங்க" என்றான். கொல்லுகிற எண்ணம் அவனுக்கு இல்லை என்று மூன்று வருஷம் ஜெயில் போட்டார்கள். உண்மையை ஒத்துக்கொண்டானே, பாவம் என்று கோர்ட்டில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கோ அன்றைக்குத்தான் வெறுப்பு முழுசாக வந்தது. அதுவரை அது வெறும் கல். அதற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

அவன் ஜெயிலில் இருக்கும்போதே அவனைப் பெற்றவள் செத்துப்போனாள். வெளியே வந்தவனை நகரியில் யாரும் தறியில் உட்காரவைக்கவில்லை. புத்தூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்க வந்து சேர்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், நம் வாசலில் நிற்கிறான்.

"அம்மா, நான் ஏகாம்பரம்" என்றான்.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். காறித் துப்பப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏதாச்சும் துன்னியா?" என்று கேட்டாள்.

நம் வீட்டில், நம் கூடத்தில் அவனுக்கு இலை போட்டாள் நைனா. அவன் முதல் பிடியை எடுக்கும்போது நான் எதிரில் போய் நின்றேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

"அக்கா, நான் பஸ்ஸத்தான் அடிச்சேன். உள்ள ஆளு கீறாருன்னு அந்த நிமிசம் தோணவே இல்ல."

"பஸ்ஸு தானா ஓடுமாடா?"

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டான். அம்மா என் தோளைப் பிடித்து அப்பால் தள்ளினாள். "துன்றவன எழுப்பாதடி" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தான். அவன் வந்தால் நான் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். அவன் போன பிறகுதான் திரும்புவேன்.

கோயிலிலும் எனக்கு இடமில்லாமல் போயிற்று. பரமண்டல ஜெபம் எல்லாரோடும் சேர்ந்து சொல்லிக்கொண்டு வருவேன். மன்னிப்பைக் கேட்கிற இடம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். நான் மன்னித்த அளவுக்கு என்னையும் மன்னியும் என்று எப்படிக் கேட்பேன்? எனக்கே நான் சாபம் போட்டுக்கொள்வது போல இருக்கிறது. திருவிருந்து நாளில் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போவார்கள். நான் காலில் முள் குத்தினவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். மூன்று தடவை அப்படி ஆனதும் போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கர்த்தர் சிலுவையிலயே மன்னிச்சாரும்மா" என்றார்.

"அவரை அடிச்சவங்கள அவரு மன்னிச்சாரு ஐயா. நைனாவ அடிச்சவன நைனாதானே மன்னிக்கணும்? நான் இழந்தத நான் மன்னிக்கலாம். அவரு இழந்தது? இனிமே பொறக்கப்போற பேரப்பிள்ளைங்கள அவரு பார்க்க முடியாதே? அந்தப் பங்க மன்னிக்க எனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"தெரியலம்மா" என்றார் அவர். ஒரு போதகர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஆமென் சொல்லவும் எனக்கு நா எழவில்லை. நான் அழிந்துகொண்டிருக்கிறேனா நைனா? நரகம் என்பது இப்படித்தான், நம் வீட்டுக் கூடத்திலேயே ஆரம்பிக்குமா?

போன மாதம் அம்மாவிடம் கத்திவிட்டேன். அவன் அப்போதுதான் போயிருந்தான். அம்மா கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்னா, சுலபமா மன்னிச்சுட்ட. புருசன் போனதுகூட உனக்கு வலிக்கல" என்றேன்.

அம்மா கையைக் கழுவினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை உங்களைப் புதைத்த அன்றைக்குக்கூட நான் பார்க்கவில்லை.

"மன்னிச்சேன்னு யாருடி சொன்னா? கொழம்புல எத்தயாச்சும் கலந்துடலாமான்னுகூட ஒரு நாளு தோணிச்சு. எனக்கு அப்பிடித் தோணிச்சு எஸ்தரு! அன்னிக்கி அந்தக் கொழம்ப மொதல்ல நான் துன்னு பாத்துட்டுத்தான் அவனுக்கு ஊத்தினேன். என்ன நானே நம்பல. அவன் பசியில வந்து நிக்கறான். போடலன்னா அந்த நெனப்புலயே நான் கெட்டுப் போயிடுவேன். அதுக்குத்தான் போட்டுக்கினு கீறேன். மன்னிப்பு வருதோ இல்லியோ, அது கர்த்தர் பாடு."

சொல்லிவிட்டு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நெருப்பில்தான் வெந்துகொண்டிருந்தோம். அது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அவன் வந்தான். நான் மட்டும் இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போகக் கிளம்பினான்.

"நில்லு" என்றேன். "உக்காரு. துன்னுட்டுப் போ."

இலை போட்டேன். சோறு வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அவசர அவசரமாக அள்ளிப் போட்டான். என்னைப் பார்த்து அவ்வளவு பயம். திடீரென்று புரை ஏறிவிட்டது. கண் பிதுங்க இருமினான். முகம் கறுத்துப்போனது. தண்ணீர்ச் சொம்பு அவனுக்கு எட்டவில்லை.

நான் யோசிக்கவில்லை நைனா. சத்தியமாக யோசிக்கவில்லை. நீங்கள் சாப்பிடும்போது புரை ஏறினால் ஓடி வந்து தட்டுவேனே, அப்படி என் கை அவன் உச்சந்தலையில் தட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை சொம்பை நீட்டிக்கொண்டிருந்தது. இருமல் அடங்கியது. அவன் அசையவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்தத் தலை சூடாக இருந்தது. பிறகு கொல்லைக்கு ஓடிப்போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பெயர் மன்னிப்பா? எனக்குத் தெரியாது. இன்று காலை எழுந்ததும் அவன்மேல் பழைய வெறுப்பு அப்படியே இருந்தது. உங்கள் பங்கு உங்களுடையது. அதை எடுத்து யாருக்கும் நான் கொடுக்கமாட்டேன். நீங்கள் கர்த்தரண்டை இருக்கிறீர்கள். அவன் காரியத்தை அவரோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் ஒருநாளும் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வருகிற ஞாயிறு அவன் வந்தால், அம்மா எழுந்துவிட்டாலும் சரி, இலை போடப்போவது நான்தான். இந்தக் கையால்தான் போடுவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

மன்னிக்கத் தெரியாமல் தவிக்கிற,
உங்கள் மூத்த மகள்
எஸ்தர்
புத்தூர்