தங்கப்பொடி ரோஜா

ஏப்ரல் 28, வெள்ளி
வெயில். கொடைக்கானலில்தான் இருக்கிறோமா என்று கேட்கவைக்கும் வெயில். பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸுக்குள் இட்லிக் கொப்பரை.

வெட்கக்கேடு ஒன்று, இங்கே மட்டும். மினி ரோஜா இலைகளில் இரண்டு வாரமாக ஒரு பொன்னிற மினுமினுப்பு. கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று போடாமலே பார்த்து, புது ரகம் என்று முடிவுகட்டினேன். 'தங்கப்பொடி' என்று பெயர். மலர்க் கண்காட்சிக்குப் பதிந்தாயிற்று. செல்லில் டவர் கிடைக்கத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, செண்பகனூர் ரிட்டயர்டு கர்னலிடம் பெருமையும் அடித்தாயிற்று. அவர்தான் நடுவர்.

இன்று புஷ்பக்கா ஒரு கிளையை என் வெள்ளைச் சட்டைமேல் தட்டினார். நர்சரியில் எனக்கு வேலை செய்பவர். நான்தான் அவரிடம் வேலை செய்கிறேன் என்றும் ஊரில் பேச்சு. சட்டையில் சிவப்புப் புள்ளிகள். புள்ளிகள் நடந்தன.

"செவப்புச் சிலந்தி. எலைச் சாத்த உறிஞ்சிப் பழுக்க வைக்கிற பேனு. சிலோன்ல தேயிலையில சின்னப்புள்ளையிலயே பாத்தது. ஒங்க தங்கப்பொடி ஓடுது, புடிங்க தொரை."

அவர் 'தொரை' என்றால் என் மரியாதை குறைந்துவிட்டது என்று பொருள்.

கண்காட்சியில் இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பேன் இருந்தால் பூந்தொட்டி வாசலோடு திரும்பும். கர்னல் முன்னால். ஊர் முன்னால்.

ஏப்ரல் 30, ஞாயிறு
வெயில். கண்ணாடி போட்டுவிட்டேன். இலையடியில் முள்முள்ளாகக் கறுத்த புழுக்கள். விடுவேனா? காலை முழுக்கப் பொறுக்கி மண்ணெண்ணெயில் போட்டேன். டீ கிளாஸில் பாதி. வீரம்.

மே 3, புதன்
சிலந்தி இரட்டிப்பு. மொட்டுக்கு மொட்டு நூலாம்படை. கிளாஸில் என்ன என்றார் புஷ்பக்கா. காட்டினேன். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது பொறிவண்டுக் குஞ்சு சார். சிலந்தியத் திங்க வந்தது. போலீஸ்காரனப் பூரா கெணத்துல தள்ளிட்டுத் திருடன் எங்கன்னு தேடுறீங்க."

மே 11, வியாழன்
மூடுபனி. வேலை: இலையடி கழுவல், சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய். மறுபடி முதலிலிருந்து. கழுத்து திரும்பவில்லை. என்மேல் வேப்பெண்ணெய் வாடை. வீட்டில் தட்டு மட்டும் தள்ளிவிடப்படுகிறது.

கர்னல் தங்கப்பொடியைப் பார்க்க வந்தார். வெளியாள் நுழைந்தால் செடி அதிரும் என்றேன். நம்பினார். அவருடைய டேலியாவில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடப்பதாக அவர் தோட்டக்காரர் சொல்லக் கேள்வி. மனதுக்கு இதம்.

மே 20, சனி
கண்காட்சி. தூறல். சிலந்தி ஒழிந்தது. இலைகளும் ஒழிந்தன. பாலிஹவுஸில் விளக்குமாறு விளக்குமாறாக நிற்கிறது ரோஜா. வேன் கிளம்பும் நேரம், புஷ்பக்கா ஒரு தொட்டியை மட்டும் தூக்கி வந்து ஏற்றினார். தளதளவென்று, பூவும் மொட்டுமாக. தப்பிப் பிழைத்த ஒன்று! கண் கலங்கிவிட்டது.

கர்னல் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். ஒன்றும் இல்லை. தங்கம் எங்கே என்றார். கழுவிவிட்டேன் சார் என்றேன். மூன்று வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை.

இரண்டாம் பரிசு. கூடியிருந்தவர்களுக்கு வேப்பெண்ணெய் முறைபற்றி அரைமணி நேரம் பேசினேன். கிளாவரையிலிருந்து வந்த பூண்டு விவசாயி ஒருவர் குறித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் புஷ்பக்கா சொன்னது: அந்தத் தொட்டி பாலிஹவுஸுக்குள் இருந்ததே இல்லை. இடம் இல்லையென்று தையிலிருந்தே குழாயடியில் கிடந்தது. குழாய் ஒழுகி நனைந்ததைத் தவிர, அதற்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை.